வளரும் தொண்டு நிறுவனத்தின் கணக்கை எந்த மென்பொருள் தாங்கும்?

பொருளாளர் ஒருவரின் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே நிதியளிப்பாளரையும் சில தனிநபர் நன்கொடைகளையும் கொண்டு தொடங்கிய அவருடைய தொண்டு நிறுவனம், இப்போது ஐந்தாறு நிதியுதவிகள், பல திட்டங்கள், மாதச் சம்பளம் பெறும் பணியாளர்கள் என்று வளர்ந்திருக்கிறது. கணக்கு மட்டும் இன்னும் எக்செல் தாள்களிலேயே இருக்கிறது. கையில் எவ்வளவு இருக்கிறது என்று நிர்வாகக் குழு கேட்டால் பதில் சொல்லப் பல நாள் ஆகிறது. ஒவ்வொரு நிதியளிப்பாளருக்கும் அறிக்கை தயாரிக்கும்போது பழைய வவுச்சர்களை மறுபடி புரட்ட வேண்டியிருக்கிறது. எந்தக் கணக்கு மென்பொருளை வாங்கினால் இந்தத் தொல்லை தீரும் என்பதே அவர் கேட்பது.

மென்பொருள் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், எதை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன், அந்த மென்பொருளுக்குள் ஒவ்வொரு பதிவும் எந்தெந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதைத் தாளில் எழுதி முடித்தாக வேண்டும். அதைச் செய்யாமல் வாங்கினால், எக்செல்லில் இருந்த குழப்பம் அப்படியே இடம் மாறி, கூடுதலாகச் சந்தாவும் கட்ட வேண்டியதாகிவிடும்.

தொண்டு நிறுவனத்தின் கணக்கு வணிகக் கணக்கிலிருந்து வேறுபடும் இடம் ஒன்றுதான், ஆனால் எல்லாச் சிக்கலும் அதிலிருந்தே பிறக்கிறது. வணிகத்தில் பணம் உள்ளே வந்துவிட்டால் அது உரிமையாளரின் விருப்பப்படி செலவாகலாம். தொண்டு நிறுவனத்துக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி, இன்ன காரியத்துக்கு மட்டும், இன்ன காலத்துக்குள் மட்டும் என்ற கட்டோடு வருகிறது. எனவே வங்கி இருப்பு என்ற ஒற்றை எண்ணை வைத்து இங்கே எதையும் முடிவு செய்ய முடியாது. ஓர் உதாரணம் பார்ப்போம். வங்கியில் 40 இலட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுகாதாரத் திட்டத்துக்கென வந்து இன்னும் செலவாகாத தொகை 22 இலட்சம். கல்வித் திட்டத்தில் செலவாகாதது 15 இலட்சம். கட்டடம் கட்டுவதற்கென்று ஒருவர் கொடுத்தது 6 இலட்சம். மூன்றையும் கூட்டினால் 43 இலட்சம். அப்படியானால் அந்த நிறுவனத்தின் சொந்தப் பணம் 40 இலட்சமும் அல்ல, சுழியமும் அல்ல. குறை 3 இலட்சம். யாரோ ஒரு நிதியளிப்பாளரின் பணத்திலிருந்து அலுவலக வாடகையோ சம்பளமோ ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது. யாரும் திருடவில்லை, ஒரு பில்லும் தொலையவில்லை. ஆனாலும் நிலைமை இதுதான். எக்செல் தாளின் அடியில் 40 என்ற எண் நிற்பதால், தணிக்கை வரும்வரை அல்லது ஒரு திட்டம் முடிந்து மீதியைத் திருப்பிக் கேட்கும் கடிதம் வரும்வரை அந்தக் குறை யார் கண்ணிலும் படுவதில்லை. நீங்கள் வாங்கப்போகும் மென்பொருள் முதலில் செய்ய வேண்டிய வேலை, இந்தக் குறையை அந்தந்த மாதமே காட்டுவது.

இதற்கு ஒவ்வொரு பதிவும் மூன்று கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். பணம் எதற்குச் செலவானது என்பது கணக்குத் தலைப்பு: சம்பளம், பயணம், வாடகை, அச்சுச் செலவு. யாருடைய பணம் செலவானது என்பது நிதி. எந்த வேலைக்காகச் செலவானது என்பது திட்டம். பல நிறுவனங்கள் இந்த மூன்றையும் ஒரே தலைப்புப் பெயருக்குள் திணித்துவிடுகின்றன. ‘பயணம் – கல்வி – முதல் நிதியளிப்பாளர்’ என்று ஒரு பேரேடு, ‘பயணம் – கல்வி – இரண்டாம் நிதியளிப்பாளர்’ என்று இன்னொன்று. நாற்பது தலைப்புகளும் ஆறு நிதிகளும் இருந்தால் இந்த வழியில் 240 பேரேடுகள் ஆகும்; மொத்தப் பயணச் செலவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆறு கணக்குகளைத் தேடிக் கூட்ட வேண்டும்; புதிய நிதியுதவி ஒன்று வந்தால் மேலும் நாற்பது தலைப்புகளைத் திறக்க வேண்டும். தலைப்புகளை நாற்பதாகவே வைத்துக்கொண்டு, நிதியையும் திட்டத்தையும் ஒவ்வொரு வரியிலும் ஒட்டும் அடையாளங்களாக ஆக்கிவிட்டால் இந்தப் பெருக்கம் நின்றுவிடும்.

இந்த அடையாளம் ஒட்டும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் வெவ்வேறு பெயர்களில் இருக்கிறது. டேலியில் காஸ்ட் சென்டர், அதற்கு மேலே காஸ்ட் கேட்டகரி. நிதிக்கு ஒரு கேட்டகரி, திட்டத்துக்கு ஒரு கேட்டகரி என்று அமைத்தால் ஒரே செலவை இரண்டு கோணங்களிலும் பிரிக்கலாம். குவிக்புக்ஸில் கிளாஸ் என்று பெயர். இணைய வழிப் பதிப்பின் கீழ்நிலைச் சந்தாக்களில் அது கிடைப்பதில்லை என்பதை வாங்குமுன் கவனிக்க வேண்டும். ஜீரோ என்னும் மென்பொருளில் டிராக்கிங் கேட்டகரி என்பார்கள். ஒரே சமயத்தில் இரண்டு மட்டுமே பயன்பாட்டில் இருக்கலாம், ஆகவே நிதி, திட்டம் என்ற இரண்டோடு அதன் எல்லை முடிந்துவிடுகிறது. மூன்றாவதாக ஊர்வாரியாகவோ கிளைவாரியாகவோ பார்க்க வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டும். ஜோஹோ புக்ஸில் ரிப்போர்ட்டிங் டேக், ஈஆர்பிநெக்ஸ்ட்டிலும் சேஜ் இன்டாக்ட்டிலும் டைமென்ஷன். பெயர் எதுவாயினும், ஒரே வவுச்சரின் வெவ்வேறு வரிகளுக்கு வெவ்வேறு அடையாளம் கொடுக்க முடிகிறதா என்பதையும், அடையாளம் கொடுக்காமல் பதிவைச் சேமிக்கவிடாமல் தடுக்க முடிகிறதா என்பதையும் சோதித்துப் பாருங்கள். இரண்டாவதைப் பலரும் கேட்பதில்லை. அது இல்லாவிட்டால் சில மாதங்களில் ‘வகைப்படுத்தப்படாதவை’ என்ற பத்தி, இருக்கும் திட்டங்களிலேயே பெரிய திட்டமாக வளர்ந்து நிற்கும்.

இங்கே விற்பனையாளர்கள் தாமாகச் சொல்லாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடையாளம் ஒட்டும் முறை, ஓர் ஆண்டுக்குள் ஒவ்வொரு நிதியின் வரவையும் செலவையும் நன்றாகப் பிரித்துக் காட்டும். ஆனால் ஆண்டு முடியும்போது, வணிகத்துக்கென எழுதப்பட்ட மென்பொருள் எல்லா உபரியையும் குறையையும் சேர்த்து ஒரே மூலதனக் கணக்கில் கொண்டுபோய்க் கொட்டிவிடும். மறு ஆண்டின் முதல் நாளன்று, கல்வி நிதியில் செலவாகாமல் எவ்வளவு தொடர்கிறது என்று கேட்டால், இருப்புநிலைக் குறிப்பில் அதற்கு நேரான பதில் இருக்காது. நிதிவாரிக் கணக்கியலுக்கென்றே உருவான மென்பொருள்கள் இதை வேறு விதமாகக் கையாளுகின்றன. அவற்றில் ஒவ்வொரு நிதியும் தனக்குள்ளேயே பற்றும் வரவும் சமனாக இருக்கும் தனிப் புத்தகம் போன்றது. கல்வி நிதியின் செலவைச் சுகாதார நிதியின் பணத்திலிருந்து கொடுத்தால், ஒரு நிதி மற்றொன்றுக்குக் கடன்பட்டிருப்பதாகத் தானாகவே பதிவாகும். ஐந்தாறு நிதிகள் வரை இருக்கும் நிறுவனம் சாதாரண மென்பொருளிலேயே இதைச் சமாளிக்கலாம்: மூலதனப் பகுதியில் ஒவ்வொரு முக்கிய நிதிக்கும் ஓர் இருப்புக் கணக்கைத் திறந்து, ஆண்டு முடிவில் ஒரு குறிப்பேட்டுப் பதிவின் மூலம் அந்தந்த நிதியின் மீதியை அதற்குரிய கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். நிதிகள் இருபதைத் தாண்டினால், அவை வெவ்வேறு ஆண்டுகளில் தொடங்கி முடிவதாகவும் இருந்தால், இந்தக் கைவேலை பிழைக்கு இடம் கொடுக்கத் தொடங்கும். நிதிவாரி மென்பொருளுக்கு மாற வேண்டிய கட்டம் அதுவே என்பது என் கருத்து.

நிதிகளை வகைப்படுத்துவதிலும் அளவோடு இருப்பது நல்லது. அமெரிக்காவின் நிதிக் கணக்கியல் தர வாரியம் முன்பு நிகரச் சொத்தை, அதாவது கடன்கள் போக மிஞ்சும் சொத்தை, மூன்று வகையாகப் பிரிக்கச் சொல்லியிருந்தது; 2016 ஆகஸ்டில் வெளியிட்ட திருத்தத்தில், நன்கொடையாளரின் கட்டுப்பாடு உள்ளது, இல்லாதது என்று இரண்டாகச் சுருக்கிவிட்டது. பிரிட்டனின் அறநிலையக் கணக்கு வழிகாட்டுதல் பொது நிதி, குறித்த நோக்க நிதி, முதலைத் தொடாமல் காக்க வேண்டிய நிலைநிதி என்ற பிரிவைப் பின்பற்றுகிறது. எந்த நாட்டு விதி உங்களுக்குப் பொருந்தினாலும் மனத்தில் வைக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. கொடுத்தவர் விதித்த கட்டு வேறு. நிர்வாகக் குழு தானாகவே ‘இதை வாகனம் வாங்க ஒதுக்கி வைப்போம்’ என்று தீர்மானித்துக்கொள்வது வேறு. பின்னதை அடுத்த கூட்டத்திலேயே குழு மாற்றிக்கொள்ளலாம். முன்னதைக் கொடுத்தவரின் ஒப்புதல் இல்லாமல் மாற்ற முடியாது. மென்பொருளில் இரண்டையும் ஒரே வகையில் போட்டுவிட்டால், நெருக்கடி வரும் நாளில் எந்தப் பணத்தைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

அடுத்தது காலம். மூன்று ஆண்டுகளுக்கான 36 இலட்சம் நிதியுதவி முதல் ஆண்டே கிடைத்துவிட்டது அல்லது உறுதியாகிவிட்டது என்று கொள்வோம். ஆண்டுக்கு 12 இலட்சம் செலவு. முழுத் தொகையையும் முதல் ஆண்டின் வருமானமாகக் காட்டினால் அந்த ஆண்டில் 24 இலட்சம் உபரி, அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் தலா 12 இலட்சம் குறை. திட்டம் சிறிதும் மாறாமல் நடந்திருக்கும். ஆனால் கணக்கைப் பார்ப்பவர் முதல் ஆண்டு நிறுவனம் கொழித்ததாகவும் பிறகு நலிந்ததாகவும் நினைப்பார். மாறாக, செலவாகும் அளவுக்கே வருமானமாகக் காட்டி, மீதியை முன்கூட்டிப் பெற்ற தொகையாக, கடன்கள் இடம்பெறும் பொறுப்புப் பக்கத்தில் வைத்தால் இந்த ஏற்றத்தாழ்வு தெரியாது. எது சரி என்பதை நம் விருப்பம் தீர்மானிப்பதில்லை; ஒப்பந்தத்தின் வாசகமும் பின்பற்றும் கணக்கியல் தரமும் தீர்மானிக்கின்றன. அமெரிக்கத் தரத்தில் 2018-ல் வந்த விளக்கத்தின்படி, நிறுவனம் தாண்ட வேண்டிய ஒரு தடையும் (இன்ன இலக்கை எட்டியாக வேண்டும் என்பது போன்றது), தாண்டாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் அல்லது கொடுக்க மறுக்கும் உரிமையும் சேர்ந்து இருந்தால்தான் அது நிபந்தனைக்குட்பட்ட நிதியுதவி. அந்த நிபந்தனை நிறைவேறும் வரை வருமானமாகக் காட்ட முடியாது. உங்கள் தணிக்கையாளருடன் உட்கார்ந்து, கையில் இருக்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்துக்கும் எந்த முறை பொருந்தும் என்று முடிவு செய்து, அதை ஒரு பக்கக் கொள்கைக் குறிப்பாக எழுதி வைத்துக்கொண்ட பிறகு மென்பொருளில் கைவையுங்கள். மென்பொருளுக்கு இரண்டு முறையும் ஒன்றுதான். எதைச் சொன்னாலும் மறுக்காமல் பதிந்துகொள்ளும்.

பொதுச் செலவுகளைப் பிரிப்பதில்தான் வளரும் நிறுவனங்கள் மிகவும் தடுமாறுகின்றன. ஒரு களப்பணியாளரின் மாதச் சம்பளம் 30,000 என்று கொள்வோம். அந்த மாதம் அவர் வேலை செய்த 160 மணி நேரத்தில் 80 மணி நேரம் கல்வித் திட்டத்துக்கும், 48 மணி நேரம் சுகாதாரத் திட்டத்துக்கும், 32 மணி நேரம் அலுவலகப் பொதுவேலைக்கும் போயிருந்தால், பதிவில் சம்பளம் என்ற ஒரே தலைப்பின் கீழ் 15,000, 9,000, 6,000 என மூன்று வரிகள் வர வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நிதி அடையாளமும் திட்ட அடையாளமும் இருக்க வேண்டும். அந்த மாதத்தின் நேரப் பதிவுத்தாள், பணியாளரும் மேற்பார்வையாளரும் கையொப்பமிட்டு, அந்த வவுச்சரோடு இணைந்திருக்க வேண்டும். பட்ஜெட்டில் கல்வித் திட்டத்துக்கு 50 சதவீதம் என்று போட்டிருக்கிறது, எனவே மாதந்தோறும் பாதியை அதில் எழுதுகிறோம் என்ற விளக்கம் பல இடங்களில் செல்லாது. அமெரிக்கக் கூட்டரசின் நிதியுதவி விதிகள், பட்ஜெட் மதிப்பீடு மட்டுமே சம்பளச் செலவுக்குச் சான்றாகாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. இடைக்காலத்தில் மதிப்பீட்டின்படி எழுதிவந்தாலும் பிறகு உண்மையான வேலைக்கு ஏற்பத் திருத்தியாக வேண்டும். வாடகையைப் பயன்படும் பரப்பளவின்படியும், இணையக் கட்டணத்தைப் பணியாளர் எண்ணிக்கையின்படியும் பிரிப்பது வழக்கம். எந்த அடிப்படை என்பதைவிட, ஒருமுறை தேர்ந்தெடுத்ததை எல்லா நிதிகளுக்கும் ஒரே மாதிரி பயன்படுத்துவதே முக்கியம். பணம் அதிகமாக மீதியிருக்கும் திட்டத்தின் தலையில் வாடகை முழுவதையும் கட்டும் பழக்கத்தைத் தணிக்கையாளர்கள் எளிதாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். சில மென்பொருள்களில் பகிர்வு விகிதங்களைப் பதிந்து வைத்தால் மாத இறுதியில் தானாகவே பிரித்துவிடும். வசதிதான், ஆனால் விகிதத்தை ஆண்டுக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிடும் ஆபத்தும் அதோடு சேர்ந்தே வருகிறது.

இதையொட்டி ஒன்றைச் சொல்ல வேண்டும். நேரடியாக எந்தத் திட்டத்திலும் சேராத நிர்வாகச் செலவை நிதியளிப்பாளர்கள் ஏற்கத் தயங்குவது பழைய கதை. முறையான வீதம் பேசி வைத்திருக்காத நிறுவனங்கள், வரையறுக்கப்பட்ட நேரடிச் செலவுத் தொகையில் 10 சதவீதம் வரை மறைமுகச் செலவாகக் கோரலாம் என்று இருந்த மேற்சொன்ன அமெரிக்க விதி, 2024 அக்டோபர் 1 முதல் 15 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. மற்ற நிதியளிப்பாளர்களிடம் பேச்சு நடத்தவும், நிர்வாகச் செலவு உண்மையில் எத்தனை சதவீதம் என்பதைக் காட்டும் நம்பகமான கணக்கு கையில் இருக்க வேண்டும். அடையாளங்களைச் சரியாக ஒட்டிய கணக்கிலிருந்து அந்த எண் ஒரு நொடியில் வரும். இல்லாவிட்டால் உத்தேசமாகச் சொல்ல வேண்டியதுதான், உத்தேசத்தை யாரும் நம்பிப் பணம் தருவதில்லை.

நிதியளிப்பாளர்களுக்கான அறிக்கையில் இரண்டு இடங்களில் முரண்பாடு எழும். முதலாவது, அவர்களுடைய பட்ஜெட் வரிகளும் உங்கள் கணக்குத் தலைப்புகளும் ஒத்துப்போகாது. அவர் ‘பயிற்சி’ என்று ஒரே வரியில் கேட்பது உங்களிடம் பயணம், உணவு, அரங்க வாடகை, அச்சு என நான்காகக் கிடக்கும். ஒவ்வொரு நிதியளிப்பாளருக்காகவும் தலைப்புகளை மாற்றாமல், பட்ஜெட் வரி என்பதையும் ஓர் அடையாளமாகச் சேர்ப்பதோ, எந்தத் தலைப்பு எந்த வரியில் சேரும் என்ற பொருத்தப் பட்டியலை ஒப்பந்தம் கையெழுத்தாகும் அன்றே எழுதி வைப்பதோ நல்லது. இரண்டாவது, அவர்களுடைய திட்ட ஆண்டு உங்கள் நிதியாண்டோடு பொருந்தாமல், ஆண்டின் நடுவில் தொடங்கி அடுத்த ஆண்டின் நடுவில் முடியும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை கேட்டாலும், நிதியாண்டு எல்லையைத் தாண்டி ஒரே அறிக்கை எடுக்க முடிகிறதா என்பதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டு நாணயத்தில் வரும் நிதி என்றால், வங்கி மாற்றிக் கொடுத்த வீதத்தையும் தேதியையும் பதிவில் வைத்திருக்க வேண்டும். நாணய மதிப்பு மாறுவதால் வரும் கூடுதலோ குறைவோ யாரைச் சேரும் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும்.

நன்கொடைகள் இணைய வழியில் வரத் தொடங்கியதும் சிறிய பிழை ஒன்று பெரிதாகும். ஒருவர் 1,000 கொடுக்கிறார். கட்டணச் சேவை நிறுவனம் 24-ஐப் பிடித்துக்கொண்டு 976-ஐ வங்கியில் போடுகிறது. வங்கியில் வந்ததையே நன்கொடை என்று எழுதினால், கொடுத்தவருக்கு 1,000-க்கு ரசீது, கணக்கில் 976 என்று இரண்டும் ஒத்துப்போகாமல் நிற்கும். நன்கொடை 1,000, சேவைக் கட்டணம் 24 என்று முழுத் தொகையிலேயே பதிய வேண்டும். நூற்றுக்கணக்கானோரின் தொகை ஒரே நாளில் ஒரே மொத்தமாக வங்கிக்கு வரும்போது இதைக் கையால் பிரிக்க முடியாது. சேவை நிறுவனம் தரும் பட்டியலை அப்படியே இறக்குமதி செய்யும் வசதி வேண்டும். நன்கொடையாளர் விவரங்களை வைத்திருக்கும் மென்பொருள் தனியாக இருந்தால், மாதம் ஒருமுறை அதன் மொத்தமும் கணக்கின் மொத்தமும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக் கையொப்பமிட ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

பிழையும் முறைகேடும் நேராமல் காக்கும் உள்கட்டுப்பாடுகளைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை, தெரிந்தவைதான், ஆனால் செய்யப்படாதவை. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் வேண்டும், கடவுச்சொல்லைப் பகிரக்கூடாது. பதிபவர், ஒப்புதல் தருபவர், வங்கியில் பணம் செலுத்துபவர் மூவரும் ஒருவராக இருக்கக் கூடாது. பணியாளர் மிகக் குறைவு என்றால் குறைந்தது வங்கி அறிக்கையைக் குழு உறுப்பினர் ஒருவர் நேரடியாகப் பார்க்க வேண்டும். முடிந்த மாதத்தைப் பூட்டிவிட வேண்டும். நிதியளிப்பாளருக்கு அறிக்கை போன பிறகு யாரோ பழைய தேதியில் ஒரு வவுச்சரைச் சேர்த்தால் அறிக்கையும் கணக்கும் பிறகு ஒருபோதும் ஒத்துப்போகாது. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற திருத்தப் பதிவை அணைக்க முடியாத மென்பொருளையே தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள் இத்தகைய திருத்தப் பதிவுள்ள மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று விதி வந்துவிட்டது. விதி இல்லாத இடங்களிலும் இது நல்ல அளவுகோல்.

இனி எதை வாங்குவது என்பதற்கு வருகிறேன். ஒரே ஒருவர் கணக்கு எழுதும் மிகச் சிறிய அமைப்புக்கு, இலவசமாகக் கிடைக்கும் குனூகேஷ் போதும். முறையான இரட்டைப்பதிவு அதில் இருக்கிறது, ஆனால் ஒரே சமயத்தில் பலர் வேலை செய்ய அது உருவாக்கப்படவில்லை. நீங்கள் சொல்லும் அளவுக்கு வளர்ந்த நிறுவனத்துக்கு டேலி, ஜோஹோ புக்ஸ், குவிக்புக்ஸ், ஜீரோ ஆகியவற்றில் உங்கள் கணக்காளருக்கும் தணிக்கையாளருக்கும் ஏற்கெனவே பழக்கமானதை எடுப்பதே அறிவுடைமை. வசதிப் பட்டியலில் பத்து அம்சம் கூடுதலாக இருக்கிறது என்பதைவிட, இப்போதைய கணக்காளர் விலகினால் அடுத்தவர் எளிதில் கிடைப்பார் என்பது பெரிய நன்மை. சேஜ் இன்டாக்ட், பிளாக்பாட் போன்றவை நிதிவாரிக் கணக்கை ஆழமாகக் கையாளுகின்றன. அவற்றை நிறுவவும் பராமரிக்கவும் தனி ஆள் தேவைப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஈஆர்பிநெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள், நெகிழ்வானது. ஆனால் தொழில்நுட்பம் தெரிந்தவர் உள்ளேயே இல்லாத நிறுவனத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எதையும் முடிவு செய்வதற்கு முன், விற்பனையாளரின் மாதிரித் தரவை ஒதுக்கிவிட்டு, உங்கள் சொந்த வவுச்சர்கள் சிலவற்றைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள்: மூன்று நிதிகளில் பிரியும் ஒரு சம்பளம், இரண்டு நிதியாண்டுகளைத் தொடும் ஒரு திட்ட அறிக்கை, குறிப்பிட்ட ஒரு தேதியில் ஒரு நிதியின் மீதி. கடைசியாக, முழுத் தரவையும் வெளியே எடுத்துக்கொள்ளும் வழியையும் காட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

மாறும் நாள் நிதியாண்டின் முதல் நாளாக இருக்கட்டும். பழைய ஆண்டுகளின் வவுச்சர்களை எல்லாம் புதிதில் ஏற்ற முயல வேண்டாம். தணிக்கை முடிந்த இருப்பாய்வின் (எல்லாக் கணக்குகளின் மீதிகளையும் காட்டும் பட்டியலின்) தொடக்க இருப்புகளை நிதிவாரியாகப் பிரித்து ஏற்றினால் போதும், பழைய கோப்புகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நிதிவாரிப் பிரிப்பே இந்த வேலையின் கடினமான பகுதி. நான் மேலே காட்டியது போன்ற குறை ஏதேனும் இருந்தால் அது இப்போதுதான் வெளிப்படும். அதை, விளக்கம் கிடைக்காத தொகைகளைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளி மறைக்காமல், பொது நிதி எந்தெந்த நிதிக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதி, எப்போது அடைபடும் என்ற தீர்மானத்தைக் குழுவிடம் வாங்கிவிடுங்கள். முதல் இரண்டு மாதம் எக்செல்லையும் சேர்த்தே நடத்துவது சலிப்பான இரட்டை வேலைதான். இருந்தாலும் அந்த இரண்டு மாதமும் இரண்டு மீதியும் பொருந்தினால்தான் அமைப்பு சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியும்.

அதன் பிறகு மாதந்தோறும் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் வங்கி அறிக்கையையும் கணக்கையும் ஒப்பிடும் வங்கிச் சரிகட்டும் பட்டியல் முடிந்து, நேரப் பதிவுத்தாள்களின்படி சம்பளம் பிரிந்து, அடையாளம் இல்லாத பதிவுகள் திருத்தப்பட்டு, மாதம் பூட்டப்பட வேண்டும். குழுவுக்குப் போவது ஒரே ஒரு பக்கமாக இருக்கட்டும்: நிதிவாரியாகத் தொடக்க மீதி, வரவு, செலவு, முடிவு மீதி, பட்ஜெட்டில் எவ்வளவு செலவாகியிருக்கிறது, திட்டக் காலத்தில் எவ்வளவு கடந்திருக்கிறது, கடைசி வரியில் பொது நிதி இன்னும் எத்தனை மாதச் சம்பளத்துக்குத் தாங்கும் என்ற கணக்கு. திட்டக் காலத்தில் பாதி கடந்தும் பணத்தில் கால் பங்குதான் செலவாகியிருக்கிறது என்றால், திட்டப் பொறுப்பாளர் அந்தக் கூட்டத்துக்கு வந்து காரணம் சொல்ல வேண்டும். நிதியளிப்பாளரிடம் கால நீட்டிப்புக் கேட்பதற்கோ பட்ஜெட் வரிகளை மாற்றிக் கேட்பதற்கோ அப்போதுதான் நேரம் இருக்கும்.